கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாட்டில் விண்கல வடிவமைப்பும் கோள் பயணமும்: இயற்கையின் விதிகளும் ஆக்கியோரின் விதிகளும்

ஆய்வுச் சுருக்கம்

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்பது, விண்கலங்களை வடிவமைத்து, ஏவி, ஒரு கற்பனைக் கதிரவக் குடும்பத்தின் கோள்களுக்குச் செலுத்தும் கணினி விளையாட்டு ஆகும். இதனை விளையாடுவோர், சூத்திரங்களை மனனம் செய்யாமலேயே சுற்றுப்பாதை இயக்கவியலின் அடிப்படைகளை உணர்ந்துகொள்கின்றனர். எனினும் அவ்வுலகில் உள்ள யாவும் இயற்கையின்படி அமைந்தவை அல்ல. அதில் விகிதங்களும் கோணங்களும் பெரும்பாலும் இயற்கைக்கு உரியவை. அளவுகள் ஆக்கியோருக்கு உரியவை. சில விதிகள் முற்றிலும் விடுபட்டுள்ளன. இம்மூன்றையும் பிரித்தறிந்தால் மட்டுமே இவ்விளையாட்டு நம்பத்தகுந்த கல்விக்கருவியாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விண்கல வடிவமைப்பு, சுற்றுப்பாதை, ஏவூர்திச் சமன்பாடு, கோள் பயணம், கணினிப் பாவனை, அறிவியல் கல்வி.

முன்னுரை

மெக்சிகோ நகரில் இயங்கிய ஸ்குவாட் என்னும் விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய பெலிப்பே பலாங்கே இவ்விளையாட்டை உருவாக்கத் தொடங்கினார். இதன் முதல் பொதுப்பதிப்பு 2011 ஜூன் மாதத்திலும், முழுமைபெற்ற பதிப்பு 2015 ஏப்ரல் மாதத்திலும் வெளிவந்தன. கெர்பல்கள் எனப்படும் பச்சைநிறச் சிற்றுருவினர், கெர்பின் என்னும் தம் கோளிலிருந்து விண்வெளிக்குச் செல்ல முயல்வதே விளையாட்டின் களம். வெல்வதற்குப் பகைவர் எவரும் இல்லை. ஈர்ப்புவிசையும் எரிபொருள் பற்றாக்குறையுமே தடைகள். கருத்தைக் கவரும் இந்த எளிமையால் இது வகுப்பறைகளுக்கும் சென்றது; பின்லாந்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே தனிப்பதிப்பு ஒன்றை வெளியிட்டது. வகுப்பறைக்குள் நுழைந்துவிட்ட ஒரு பாவனை எதைச் சரியாகக் கற்பிக்கிறது, எதைத் தவறாகக் கற்பிக்கக்கூடும் என்னும் வினா அதனால் இன்றியமையாததாகிறது.

உயரமும் வேகமும்

புதிதாக விளையாடுபவர் ஏறத்தாழ எப்போதும் ஒரே பிழையைச் செய்கிறார். ஏவூர்தியை நேர் மேலாகச் செலுத்தி, வளிமண்டலத்தைக் கடந்ததும் விண்வெளியை அடைந்துவிட்டதாக மகிழ்கிறார். சில நிமிடங்களில் கலம் புறப்பட்ட இடத்தருகே வந்து விழுகிறது. மேலே எறிந்த கல் மீள்வது போன்றதே இது.

சுற்றுப்பாதை என்பது உயரத்தால் அன்று, கிடைமட்ட வேகத்தால் அமைவது. கலம் தொடர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அது விழும் அளவுக்குக் கோளின் தரையும் வளைந்து விலகிச் செல்கிறது. கெர்பினின் வளிமண்டலம் 70 கிலோமீட்டரில் முடிகிறது. ஒரு கலத்தை அவ்வுயரத்திற்குத் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றலைவிட, அங்கே சுற்றிவரும் வேகத்தை அதற்கு ஊட்டுவதற்கு நான்கு மடங்குக்கும் மேலான ஆற்றல் வேண்டும். எனவேதான் ஏவூர்தி புறப்பட்டவுடன் மெல்ல மெல்லக் கிழக்கே சாய்க்கப்படுகிறது. கிழக்கைத் தேர்வதற்கும் காரணம் உண்டு. கெர்பின் தன்னைத்தானே சுற்றுவதால், அதன் நடுக்கோட்டில் நிற்கும் ஏவூர்திக்கு வினாடிக்கு ஏறத்தாழ 175 மீட்டர் கிழக்குநோக்கிய வேகம் புறப்படும் முன்னரே கிடைத்துவிடுகிறது. புவியிலும் பெரும்பாலான ஏவுதல்கள் கிழக்குநோக்கி அமைவது இதே காரணத்தால்தான்.

பின்னிருந்து முன்னோக்கிய வடிவமைப்பு

விண்கல வடிவமைப்பின் அடிப்படை, ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903ஆம் ஆண்டு வெளியிட்ட ஏவூர்திச் சமன்பாடு ஆகும். கலம் பெறக்கூடிய மொத்த வேகமாற்றம், எரிவளி வெளியேறும் வேகத்தையும், எரிபொருளோடு கூடிய நிறைக்கும் எரிபொருள் தீர்ந்தபின் எஞ்சும் நிறைக்கும் உள்ள விகிதத்தின் இயல்மடக்கையையும் பெருக்கக் கிடைப்பது என அது கூறுகிறது. மடக்கையின் இயல்பு கடுமையானது. எரிவளி வினாடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்வோம். அதே அளவு வேகமாற்றம் பெற நிறைவிகிதம் ஏறத்தாழ 2.7 ஆக இருந்தால் போதும். வேகமாற்றம் இருமடங்காக வேண்டுமெனில் விகிதம் 7.4, மும்மடங்காக வேண்டுமெனில் 20.

கெர்பினின் நிலவாகிய முன் என்பதில் இறங்கித் திரும்பும் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கெர்பினைச் சுற்றும் தாழ்பாதையை அடைய வினாடிக்கு ஏறத்தாழ 3,400 மீட்டர், நிலவை நோக்கிப் புறப்பட 860, அதன் சுற்றுப்பாதையில் அமைய 310, தரையிறங்க 580, மீண்டும் எழ 580, வீடு திரும்ப 310 என மொத்தம் ஏறத்தாழ 6,040 மீட்டர் வேகமாற்றம் தேவை. கெர்பினை அடைந்ததும் வளிமண்டலமே வேகத்தைத் தணிப்பதால் அதற்கு எரிபொருள் வேண்டுவதில்லை. மேற்கூறிய எரிவளி வேகத்தின்படி, திரும்பி வரும் கலத்தில் கூட்டப்படும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏவுதளத்தில் ஏறத்தாழ 7.5 கிலோகிராம் நிறை தேவைப்படும். எரிபொருள் கொள்கலன்களின் சொந்த எடை இதில் சேரவில்லை.

இக்கணக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது, கலத்தை முடிவிலிருந்து தொடக்கம் நோக்கி வடிவமைக்க வேண்டும். திரும்பும் பகுதியை முதலில் வரையறுத்து, அதைச் சுமக்கும் இறங்குகலத்தையும், அவ்விரண்டையும் சுமக்கும் ஏவூர்தியையும் பின்னர்த் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது, தீர்ந்த கொள்கலனைச் சுமந்து செல்லுதல் வீண். ஆகவே ஏவூர்தி அடுக்குகளாகப் பகுக்கப்பட்டு, பயன் முடிந்த அடுக்கு கழற்றி விடப்படுகிறது. நிலவிலிருந்து எழ எரிபொருள் போதாமல் ஒருமுறை அங்கேயே சிக்கிக்கொண்டவர் இவ்விரு பாடங்களையும் மறப்பதில்லை.

விரட்டினால் விலகும் இலக்கு

ஒரே பாதையில் முன்னே செல்லும் மற்றொரு கலத்தை அடைவது எவ்வாறு? வேகத்தைக் கூட்டவேண்டும் என்றே பொதுவறிவு கூறும். அவ்வாறு செய்தால் கலம் உயர்ந்த பாதைக்கு ஏறுகிறது. உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்குக் கூடுதல் காலம் பிடிப்பதால் இலக்கைவிடப் பின்தங்குகிறது. மாறாக, வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்கினால் சுற்றுக்காலம் குறைந்து இலக்கை எட்டலாம்.

இது விளையாட்டில் மட்டும் நேரும் பிழை அன்று. 1965 ஜூன் மாதத்தில் ஜெமினி 4 கலத்தின் தலைவர் ஜேம்ஸ் மக்டிவிட், தம் ஏவூர்தியின் கழன்ற அடுக்கை நெருங்க முயன்று, அதை நோக்கி நேராகக் கலத்தைச் செலுத்தினார். எரிபொருள் செலவானதே அன்றி இலக்கு கிட்டவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ, ஜெமினி 7 ஆகிய கலங்கள் முறையான பாதைக் கணக்கின்படி ஒன்றையொன்று மிக அருகில் நெருங்கின. பயிற்சி பெற்ற விமானியின் உள்ளுணர்வே ஏமாந்த ஓரிடத்தை, இன்று ஒரு பள்ளி மாணவர் சில மாலைப்பொழுதுகளில் கடந்துவிடுகிறார். இது இப்பாவனையின் உண்மையான வலிமை எனலாம்.

மாறாத கோணம்

கோள் பயணத்தில் இவ்வுண்மை மேலும் தெளிவாகிறது. கெர்பின் தன் கதிரவனிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 36 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இது புவி–கதிரவன் தொலைவில் பதினொன்றில் ஒரு பங்கு. ஆயினும் செவ்வாயை ஒத்த டூனா என்னும் கோளின் தொலைவு கெர்பினுடையதைப் போல் 1.52 மடங்கு. செவ்வாய்க்கும் புவிக்கும் உள்ள விகிதமும் அதுவே.

விகிதம் ஒன்றாக இருப்பதால் புறப்படும் கோணமும் ஒன்றாகிறது. சிக்கனமான பாதையில் டூனாவுக்குச் செல்ல, அக்கோள் கெர்பினைவிட ஏறத்தாழ 44 பாகை முன்னே இருக்கும்போது கிளம்ப வேண்டும். புவியிலிருந்து செவ்வாய்க்குச் செல்லவும் அக்கோணமே பொருந்தும். செவ்வாய்க்கு இவ்வாய்ப்பு ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை வாய்க்கிறது. இந்தியாவின் மங்கள்யானும் அமெரிக்காவின் மேவன் கலமும் 2013 நவம்பர் மாதத்திலேயே ஏவப்பட்டு, 2014 செப்டம்பரில் செவ்வாயை அடைந்தது தற்செயல் அன்று. வானம் வகுத்த காலக்கணக்கு.

சென்றடையும் ஒவ்வொரு கோளும் தனித்த வடிவமைப்பு வினாவை எழுப்புகிறது. டூனாவின் வளிமண்டலம் மெலிந்தது. கனமான கலத்தைப் பாதுகாப்பாக இறக்க வான்குடை மட்டும் போதாமல், இறுதியில் எந்திரமும் துணைநிற்க வேண்டியிருக்கிறது. 2012இல் கியூரியாசிட்டி ஊர்தியைச் செவ்வாயில் இறக்கியபோதும் வான்குடைக்குப் பின் எந்திரங்கள் தேவைப்பட்டன. ஈவ் என்னும் கோளில் நிலைமை தலைகீழ். அதன் வளியழுத்தம் கெர்பினுடையதைப் போல் ஐந்து மடங்கு, ஈர்ப்பு 1.7 மடங்கு. அங்கே இறங்குவது எளிது, எழுவது மிக அரிது.

அளவுகளில் மறைந்துள்ள சலுகை

கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர். புவியினுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் தரையில் உணரப்படும் ஈர்ப்பு புவியின் ஈர்ப்புக்குச் சமம். இவ்விரண்டும் பொருந்த வேண்டுமாயின் கெர்பினின் அடர்த்தி புவியினுடையதைப் போல் பத்து மடங்குக்கும் மேல் இருத்தல் வேண்டும். புவியில் கிடைக்கும் மிக அடர்ந்த உலோகமாகிய ஆஸ்மியமும் அதற்கு ஈடாகாது.

இவ்வாறு சுருக்கியதன் பயன் ஏவுதலில் தெரிகிறது. கெர்பினின் தாழ்பாதைக்கு வினாடிக்கு 3,400 மீட்டர் போதும்; புவியிலோ ஏறத்தாழ 9,400 மீட்டர் வேண்டும். முன்னர்க் கூறிய எரிவளி வேகத்தில் கெர்பினுக்கு வேண்டிய நிறைவிகிதம் 3. புவிக்கு வேண்டியது 23. வேகம் மூன்று மடங்குகூட உயரவில்லை. விகிதமோ ஏழு மடங்குக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. ஒரே அடுக்கில் விண்ணேகும் கலம் விளையாட்டில் எளிதாகவும், உண்மையில் இன்றுவரை கைகூடாததாகவும் இருப்பதன் காரணம் இதுவே. ‘நான் செய்ததை விண்வெளி நிறுவனங்கள் ஏன் செய்யவில்லை’ என்று மாணவர் கேட்பாராயின், விடை இவ்விரு எண்களில் உள்ளது.

விடுபட்ட விதிகள்

இவ்விளையாட்டின் அடிப்படைப் பதிப்பில், ஒரு கலத்தை ஒரு நேரத்தில் ஒரே ஒரு வான்பொருள்தான் ஈர்க்கிறது. நிலவின் ஈர்ப்பு எல்லைக்குள் நுழைந்ததும் கோளின் ஈர்ப்பு அற்றுப்போகிறது. கணக்கை எளிதாக்கும் இம்முறையைத் தொடக்கநிலைத் திட்டமிடலில் விண்வெளிப் பொறியாளரும் கையாள்வதுண்டு. ஆனால் இதனால் இரு பொருள்களின் ஈர்ப்பு இணைந்து உருவாக்கும் லாக்ராஞ்சுப் புள்ளிகள் அவ்வுலகில் இல்லாமற் போகின்றன. புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், கதிரவனை நோக்கிய முதற்புள்ளியைச் சுற்றிவரும் ஆதித்யா எல்1 கலத்தின் பாதையை அங்கே அமைக்க இயலாது.

வளிமண்டலம் 70 கிலோமீட்டரில் கோடு கிழித்தாற்போல் முடிவதும் அத்தகையதே. அதற்கு மேல் விட்ட கலம் என்றென்றும் சுற்றும். புவியிலோ 400 கிலோமீட்டர் உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. பன்னாட்டு விண்வெளி நிலையம் அவ்வப்போது உந்தி உயர்த்தப்படுகிறது. கெர்பல்களுக்கு உணவும் மூச்சுக்காற்றும் வேண்டுவதில்லை. கட்டளைகள் காலத்தாழ்வின்றிச் சென்று சேர்கின்றன. ஆர்வலர்கள் எழுதிய கூட்டுநிரல்கள் இக்குறைகளுள் பலவற்றை ஈடுசெய்கின்றன. பல்பொருள் ஈர்ப்பைச் சேர்க்கும் பிரின்சிப்பியாவும், உண்மையான கதிரவக் குடும்பத்தை அதன் அளவிலேயே தரும் மற்றொன்றும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

முடிவுரை

சுற்றுப்பாதை வேகத்தால் அமைவது, எரிபொருள் மடக்கை விதிக்கு உட்படுவது, தாழ்ந்த பாதை விரைந்து சுற்றுவது, கோள்கள் உரிய கோணத்தில் நிற்கும்போதே புறப்பட வேண்டுவது ஆகியவற்றை இவ்விளையாட்டு பிழையின்றிக் கற்பிக்கிறது. தொலைவு, வேகம், கலத்தின் பருமை ஆகிய அளவுகளில் அதை அப்படியே நம்புதல் கூடாது. பல்பொருள் ஈர்ப்பு, மெல்லிய காற்றின் இழுவை, உயிர்காப்பு ஆகியவற்றை அது கற்பிப்பதே இல்லை. ஆசிரியர் இவ்வெல்லைகளை முன்கூட்டியே சுட்டிக்காட்டி, கெர்பினில் பெற்ற விடையைப் புவியின் எண்களால் மீண்டும் கணக்கிடச் செய்வாராயின், விளையாட்டின் குறையே பாடமாக மாறும்.

இறுதியாக ஒரு வேறுபாடு உண்டு. விளையாட்டில் ஏவுதல் தோற்றால் ஒரு பொத்தானை அழுத்தி, கலம் புறப்படும் முன்னிருந்த நிலைக்கு மீளலாம். துணிந்து தவறு செய்யவும், தவற்றிலிருந்து கற்கவும் அப்பொத்தான் இடமளிக்கிறது. உண்மையான ஏவுதளத்தில் அது இல்லை. ஆகவேதான் அங்கே பொறியாளர் ஒவ்வொரு கணக்கையும் புறப்படும் முன்னரே பலமுறை சரிபார்க்கின்றனர்.