ஈசூன் குளக்கரை ஆஸ்பத்திரி

சிங்கப்பூரின் வடபகுதியிலுள்ள ஈசூனில், மழைநீர் வந்து சேரும் குளம் ஒன்றன் கரையில் 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனைக்குள் நுழைகிறவர், மாடிதோறும் விளிம்பிலிருந்து தொங்கும் கொடிகளையும் நடுமுற்றத்தில் செழித்தோங்கிய மரஞ்செடிகளையும் கண்டு, இவை கட்டடத்துக்குப் பூட்டிய அலங்காரம் என்றே எண்ணக்கூடும். தோட்டத்தைச் சிகிச்சையின் அங்கமாகவே கருதி அதை நிர்மாணித்தார்கள் என்பது சற்று நின்று பார்த்தால்தான் விளங்கும்.

இதற்குச் சாஸ்திர ஆதாரம் கேட்போர்க்கு, ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வைச் சுட்டுவது வழக்கம். பென்சில்வேனியா ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பையை அகற்றும் ரண சிகிச்சைக்கு உட்பட்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டதில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துப் படுத்திருந்தோர் சராசரியாக 7.96 நாட்களிலும், செங்கற்சுவரைப் பார்த்துப் படுத்திருந்தோர் 8.70 நாட்களிலும் வீடு திரும்பியதை அவர் கண்டார். முன்னவர்க்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், ஆயினும் நோயாளியின் கண்ணில் எது படுகிறது என்பதும் வைத்தியத்தில் சேரும் என்ற அபிப்பிராயம் அதன் பிறகே கட்டடக் கலைஞரிடையே வலுப்பெற்றது.

ஈசூனிலோ, பசுமையைக் காட்டிலும் காற்றைக் கையாண்டிருக்கும் விதமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. குளத்தை நோக்கித் திறந்த முற்றத்தின் வழியே வரும் காற்றை, வெளிச்சுவரில் சிறகுபோல் நீட்டிய தகடுகள் திருப்பி வார்டுகளுக்குள் செலுத்துகின்றன. வெயிலையும் சாரலையும் மறைப்புகள் தடுக்கின்றன. குளிர்சாதனம் இல்லாத அரசு மானிய வார்டுகளுக்கே இந்த ஏற்பாடு முக்கியமாகப் பயன்படுகிறது என்பதால், பணம் குறைந்தவர் புழுக்கத்தில் வாடத்தான் வேண்டும் என்ற விதியை ஒரு வரைபடம் மாற்றிவிட்டது எனலாம்.

எல்லா அறைக்கும் இது பொருந்தாது. ரண சிகிச்சைக் கூடத்துக்கு வடிகட்டிய காற்றே வேண்டும்; வெளித்தூசி உள்ளே புகாதபடி அங்கே காற்றழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். காற்றில் பரவும் தொற்றுடையோரின் தனியறையிலோ, கிருமி வெளியேறாதபடி அதைத் தாழ்த்தி வைப்பார்கள். எதைத் திறப்பது, எதை அடைப்பது என்று தொடக்கத்திலேயே பகுத்துக்கொண்டால்தான் நவீன உபகரணமும் மரநிழலும் ஒரே கூரையின்கீழ் இசைந்திருக்கும்.

செடிகளுக்குக் குளத்துநீரே பாய்கிறது. மொட்டைமாடியில் தொண்டர்கள் காய்கனி பயிரிடுகிறார்கள். டெங்கு மலிந்த நாட்டில் எந்தத் தொட்டியிலும் நீர் தேங்காதபடி பார்த்துக்கொள்வது இடையறாத வேலை. அதற்கு ஆட்களும் பணமும் ஆண்டுதோறும் ஒதுக்கியாக வேண்டும். 2015-இல், நோயின் கடுமை தணிந்தும் உடல் தேறாதவர்களுக்காக ஈசூன் சமூக மருத்துவமனையைப் பக்கத்திலேயே கட்டி, ஆஸ்பத்திரியை விரிவாக்கினார்கள்.