தீயறிவிப்புப் பெட்டியும் விரிவாக்க அட்டையும்

1911 ஆம் ஆண்டு மார்ச்சு 25 ஆம் நாள், நியூயோர்க் நகரின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில், எட்டாம் தளத்திற் பற்றிய தீ 146 உயிர்களைக் கொண்டது. பத்தாம் தளத்துக்குத் தொலைபேசியிற் செய்தி எட்டியது. ஒன்பதாம் தளத்தினரோ தீயைக் கண்ட பின்னரே அதனை அறிந்தனர். எச்சரிக்கை எட்டாத தளம் ஒன்றும் இருத்தலாகாது.

கட்டடம் வளருங்கால், தீயறிவிப்புப் பெட்டியில் விரிவாக்க அட்டையைப் பொருத்திப் புதிய வலயங்களைச் சேர்ப்பர். மின்வழங்கல், மின்கலவடுக்கு ஆகிய இரண்டையும் முதலில் துண்டித்தல் வேண்டும். உடலிலுள்ள நிலைமின் அட்டையைக் கெடுக்குமாதலின், புவியிணைப்புள்ள உலோகத்தைத் தொட்ட பின்னரே அதனைக் கையிலெடுத்தல் தகும்.

கம்பி இணைப்பிலேயே நுட்பம் உளது. வலயமுறைப் பெட்டிகளில், சுற்றின் இறுதி உணரியில் ஒரு தடை பொருத்தப்படும். அதனூடாகச் சிறு மின்னோட்டம் எந்நேரமும் பாயும். கம்பி அறுந்தால் அவ்வோட்டம் நிற்கும். பெட்டி பழுதென அறிவிக்கும். உணரி புகையைக் கண்டால் ஓட்டம் மிகும், மணி ஒலிக்கும். தடையைப் பெட்டிக்குள்ளேயே பொருத்திவிட்டாலோ, வெளியே கம்பி அறுந்தபோதும் பெட்டி நலமென்றே காட்டும். இடையிற் கிளை பிரித்தால், அக்கிளையும் காவலின்றி நிற்கும்.

ஆதலின், வேலை முடிந்தபின் இறுதிக் கம்பியைக் கழற்றிப் பார்த்தல் கடன். அப்போது பழுதை அறிவிக்கும் பெட்டியே, தீயையும் அறிவிக்குமென நம்பத்தக்கது.