கழுத்திலே ஒரு காவற்படை

காலிலே முள் தைத்துப் புண்பட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பதை மன்னார்க் கரையோரத்துச் சிறுவர்களும் அறிவர். அந்நெறியையே உடனூலார் நிணநீர்க்கணு என்பர். உடலிலுள்ள பல நூறு கணுக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தலை, கழுத்துப் பகுதியிலேயே அமைந்துள்ளது.

தாடை நோவு, தலையிடி, முகவாதம் என்று இயன்மருத்துவரிடம் செல்வோர், அவர் முதலிற் கழுத்தைத் தடவிப் பார்ப்பது கண்டு வியப்பதுண்டு. தசைப்பிடிப்பென்று நாம் எண்ணிச் சென்ற நோவு பல்லடிச் சீழாகவோ வாய்ப் புற்றாகவோ இருக்கலாமன்றோ? அதனை அறியாது வாரக்கணக்கில் உருவிக்கொண்டிருந்தால் நோய் முற்றிவிடும்.

நோயாளியை அமர்த்திப் பின்னே நின்று, தலையைச் சற்றே தாழ்த்தி, விரல்நுனிகளால் மெல்ல வட்டமிட்டுத் தடவுவார். நாடியின் கீழ், தாடையோரம், காதின் முன்னும் பின்னும், பிடரி எனத் தொடர்ந்து, கழுத்தின் பக்கத் தசைவழியே காறையெலும்பின் மேற்குழி வரை விரல்கள் இறங்கும். (இருபுறத்துக் குருதிக்குழாய்களையும் ஒருங்கே அழுத்தலாகாது; மயக்கம் வரும்.) பேன்கடிப் புண்ணுக்குப் பிடரியிலும், பற்சூத்தைக்குத் தாடையின் கீழும் நெறி கட்டும். இடப்புறக் காறைக்குழியின் கதை வேறு. வயிற்றிலிருந்து வரும் நிணநீர்க்கால்வாய் அங்கேதான் குருதியிற் கலக்கிறது. ஆதலால் வயிற்றுப் புற்று அக்கணுவில் வெளிப்படுவதுண்டு. ஜெர்மானிய அறிஞர் விர்கோ 1848இல் இதனை எடுத்துரைத்தார்.

மெதுவாய், தொட்டால் நோவதாய் இருப்பது பெரும்பாலும் கிருமித்தொற்றே. இரண்டு மூன்று வாரங்களில் வற்றிவிடும். கல்போல் இறுகி, அசையாது, நோவுமின்றி வளர்வதே அஞ்சத்தக்கது. நம்மவரோ, நோவில்லையே என்று வாளாவிருந்துவிடுகின்றனர்! மணிகோத்தாற்போல் வரிசையாய் வீங்கினால் முன்னோர் கண்டமாலை என்றனர். பெரும்பாலும் அது காசநோயின் வேலை. இன்று ஆறு மாத மருந்தில் அது குணமாகும்.

இலங்கை ஆடவரிடையே மிகுதியாய்க் காணப்படும் புற்று வாய்ப்புற்றே. பாக்கு தானே புற்றை விளைவிக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்தது. புகையிலை சேர்ந்தாற் கேட்பானேன்? கடற்றொழிலுக்குச் செல்லுமுன் வெற்றிலை மடிக்கும் பெரியவர்கள், மாதமொருமுறை கண்ணாடியில் வாயைத் திறந்து பார்க்கட்டும். ஆறாத புண்ணோ வெண்படையோ உண்டாவென நோக்கி, நாடியின் கீழும் தடவிப் பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை. ஐயம் தோன்றின் மன்னார் வைத்தியசாலையில் ஊசியால் சிறிது நீர் எடுத்துச் சோதிப்பது குறித்து வைத்தியரிடம் கேட்கலாம்.