இருபதுகளில் படபடக்கும் நெஞ்சு. நாற்பதில் தொடங்கும் பரிசோதனை

புதுதில்லி: நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தபோது மத்திய அரசு பெருமையுடன் எடுத்துரைத்த அம்சங்களுள் ஒன்று, 40 வயதைக் கடந்த தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை என்பதாகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், பெங்களூருவின் தென்கிழக்கே ஓசூர் சாலையோரம் உள்ள பொம்மனஹள்ளியில், மாலையில் ஆயத்த ஆடை ஆலைகளின் வாயிலில் நின்று பார்ப்பவருக்கு, வெளியே வருவோரில் எத்தனை பேர் அந்த வயதைத் தொட்டிருப்பார்கள் என்ற கேள்வி எழாமல் இராது.

பெரும்பாலும் இளம்பெண்கள். கர்நாடகத்தின் கிராமங்களிலிருந்தும், எல்லை கடந்து தமிழகத்திலிருந்தும், அண்மைக் காலமாக ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். சாலையின் மறுபுறம் எச்.எஸ்.ஆர். லேஅவுட், இன்னும் தெற்கே எலெக்ட்ரானிக் சிட்டி. அங்கே கணினி முன் அமர்ந்திருப்போரும் இதே வயதினர். ஊதியத்தில் இரு சாராருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. உடல் தரும் புகார்களில் மட்டும் வியக்கத்தக்க ஒற்றுமை: நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், தலைவலி, வயிற்றெரிச்சல், தோள் இறுக்கம், உறக்கமின்மை.

பொம்மனஹள்ளி என்ற பெயர் தில்லிக்குப் புதிதல்ல. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று 2016 பிப்ரவரி 10-ல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. அதை எதிர்த்து அவ்வாண்டு ஏப்ரல் 18-ல் இங்குள்ள ஆலைகளிலிருந்து வெளியேறிய பல்லாயிரக்கணக்கான பெண்கள் ஓசூர் சாலையை மறித்தனர். பெரிய தொழிற்சங்கம் எதுவும் தலைமை தாங்காத போராட்டம் அது. மறுநாள் அது பிற பகுதிகளுக்கும் பரவி வன்முறையாக மாறியது; ஹெப்பகோடியில் வாகனங்கள் எரிந்தன. அன்று மாலையே அப்போதைய மத்திய தொழிலாளர் நலத் துறை அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, அறிவிக்கை திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார்.

58 வயது வரை காத்திருக்க அந்தப் பெண்கள் ஏன் மறுத்தனர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 58 வயது வரை தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்க முடியாது என்பதை அவர்களது உடல் முன்னரே அவர்களுக்குச் சொல்லியிருந்தது. முப்பதுகளின் நடுவிலேயே வேலையை விட்டுவிடுவோர் ஏராளம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, கடன் ஆகியவற்றுக்கு அந்த வைப்பு நிதியே கைகொடுக்கிறது.

ஆலைக்குள் நடப்பது இதுதான். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைக்கப்படும். ஒரு லைனில் ஒருவர் பின்தங்கினால் அடுத்தவரிடம் துணி போய்ச் சேராது. சூப்பர்வைசரின் குரல் உயரும். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும், சென்றால் கணக்குக் குறையும் என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருப்பது இத்தொழிலில் பழகிப்போன வழக்கம். சிறுநீர்ப் பாதைத் தொற்றும் தலைவலியும் அதன் விளைவுகள். இதற்கு மனஅழுத்தம் என்று யாரும் பெயர் வைப்பதில்லை. "உடம்பு சரியில்லை" என்பதோடு முடிந்துவிடுகிறது. கணினித் துறையினரோ எல்லாவற்றையும் "ஸ்ட்ரெஸ்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். இரண்டுமே சிகிச்சைக்கு உதவுவதில்லை.

மருத்துவம் சொல்வது என்ன?

அச்சம் எழும்போது மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி ஆணையிட, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் வெளியிடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது; தசைகள் இறுகுகின்றன; செரிமானம் மந்தமாகிறது. புலியைக் கண்டு ஓடுவதற்கென அமைந்த ஏற்பாடு இது. புலி போய்விட்டால் உடல் பழைய நிலைக்குத் திரும்பும். மணிக்கொரு டார்கெட், நள்ளிரவில் அமெரிக்காவிலிருந்து வரும் அழைப்பு என்று புலி போகாமலே நின்றால், இந்த ஏற்பாடு ஓய்வின்றி இயங்குகிறது. இரத்த அழுத்தம் கூடுகிறது, உறக்கம் கெடுகிறது, குடல் எரிச்சல், அமிலம் எதுக்களித்தல், கழுத்து வலி ஆகியவை நிரந்தர விருந்தாளிகளாகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கும் குலையக்கூடும்.

இவற்றுள் அதிகம் கலங்கவைப்பது திடீர்ப் பதற்றத் தாக்குதல். நெஞ்சை அழுத்தும், வியர்க்கும், கைகள் நடுங்கும், இறந்துவிடுவோம் என்றே தோன்றும். வேகவேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு ஏற்படும், தலை சுற்றும். வழக்கமாகப் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் படிப்படியாகத் தணியும். மாரடைப்புக்கும் இதற்கும் அறிகுறிகளில் உள்ள ஒற்றுமைதான் சிக்கல். இளைஞர் என்பதாலேயே "வெறும் பதற்றம்" என்று வீட்டிலேயே முடிவு கட்டுவது ஆபத்து. நெஞ்சுவலிக்கு முதலில் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும், தேவையெனில் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும். படபடப்புக்குத் தைராய்டு கோளாறும் காரணமாகலாம், இரத்தசோகையும் காரணமாகலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. தையல் ஆலைப் பெண் ஒருவரின் படபடப்பு மனதிலிருந்து வருகிறதா, இரத்தத்திலிருந்து வருகிறதா என்பதைச் சாதாரண ஹீமோகுளோபின் பரிசோதனை ஓரளவு சொல்லிவிடும். ஆனால், அவருக்கு 40 வயது ஆகவில்லையே!

2025 ஆகஸ்டில் பிரதமர் மோடி தொடங்கிவைத்த மெட்ரோ மஞ்சள் தடத்தில் பொம்மனஹள்ளியில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் ஜெயதேவா மருத்துவமனை. இதய நோய்க்கான இந்த அரசு நிறுவனம், 40 வயதுக்குட்பட்ட இதய நோயாளிகள் குறித்துத் தனிப் பதிவேடே நடத்தி வந்திருக்கிறது. 2025 ஜூன், ஜூலை மாதங்களில் ஹாசன் மாவட்டத்தில் இளைஞர்கள் அடுத்தடுத்து மாரடைப்பால் இறந்ததாகச் செய்திகள் வந்தபோது, இங்கே பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. நோய் பற்றிய அச்சமே நோயின் அறிகுறிகளை உண்டாக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இதன் இயக்குநராக நீண்ட காலம் பணியாற்றிய டாக்டர் சி.என். மஞ்சுநாத், 2024 தேர்தலில் பெங்களூரு ஊரகத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

மனநலத்துக்கான தேசிய நிறுவனமான நிம்ஹான்ஸும் இதே ஓசூர் சாலையில்தான் உள்ளது. 2015-16-ல் அந்நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதும், கோளாறுக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறாமலே இருப்பதும் தெரியவந்தன. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மனஸ் சேவைக்கு (கட்டணமில்லா எண் 14416) தலைமை மையமும் நிம்ஹான்ஸ்தான். தமிழிலும் பேசலாம்.

நாடாளுமன்றத்தில்...

புணேயில் பன்னாட்டு தணிக்கை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து நான்கே மாதங்களான 26 வயதுப் பட்டயக் கணக்காளர் ஒருவர் 2024 ஜூலையில் உயிரிழந்தார். பணிச்சுமையே காரணம் என அவரது தாயார் எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியாகி நாட்டை உலுக்கியது. விசாரணை நடத்தப்படும் என அறிவித்தவர், பெங்களூரு வடக்கு எம்.பி.யும் தொழிலாளர் நலத் துறை இணையமைச்சருமான ஷோபா கரந்தலாஜே. தேசிய மனித உரிமைகள் ஆணையமும் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது. சில வாரங்கள் தொலைக்காட்சி விவாதங்கள் சூடுபிடித்தன. அதற்கு ஓராண்டுக்கு முன் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று நாராயணமூர்த்தி கூறியதும், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் பற்றிப் பேசியதும் வாசகர்கள் அறிந்ததே.

இவற்றுக்கு மறுப்பு வந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. 2025 ஜனவரி 31-ல் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, வாரத்துக்கு 55-60 மணி நேரத்துக்கு மேல் உழைப்பது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் என்ற ஆய்வுகளை மேற்கோள் காட்டியது. நாள்தோறும் 12 மணி நேரமோ அதற்கு மேலோ மேசை முன் அமர்வோரின் மனநலம் கடுமையாகப் பாதிக்கப்படுவதையும் அது சுட்டியது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, நீண்ட நேரப் பணியால் உண்டான பக்கவாதம், இதய நோய் ஆகியவற்றால் 2016-ல் மட்டும் உலகெங்கும் 7.45 லட்சம் பேர் இறந்தனர். வாரத்துக்கு 35-40 மணி நேரம் உழைப்போரைவிட 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம்.

பணி நேரம் முடிந்தபின் அலுவலக அழைப்புகளைப் புறக்கணிக்கும் உரிமை கோரும் தனிநபர் மசோதாவை தேசியவாத காங்கிரஸ் (சரத் பவார்) எம்.பி. சுப்ரியா சுலே 2025 டிசம்பரில் மக்களவையில் அறிமுகம் செய்தார். 2018-லும் இதே நோக்கில் அவர் மசோதா கொண்டுவந்ததுண்டு. பிரான்ஸில் 2017-லும் ஆஸ்திரேலியாவில் 2024-லும் இவ்வுரிமை சட்டமாகிவிட்டது. இங்கே தனிநபர் மசோதாக்களுக்கு ஒதுக்கப்படும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் அவை எப்படிக் காட்சியளிக்கும் என்பது பார்வையாளர் மாடத்துக்குச் சென்றவர்களுக்குத் தெரியும். தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-ல்.

மாநிலங்களோ எதிர்த்திசையில் நடந்தன. ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தத்தை 2023 பிப்ரவரியில் கர்நாடக பாஜக அரசு நிறைவேற்றியது. பின்னர் வந்த காங்கிரஸ் ஆட்சியில், 2024 ஜூலையில், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணி நேரத்தை 14 மணி வரை நீட்டிக்கும் யோசனை எழுந்து, ஊழியர் சங்கத்தின் எதிர்ப்பைச் சந்தித்தது. கட்சி மாறினாலும் கடிகாரம் மாறவில்லை. தமிழகத்திலும் 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர மசோதா பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்க்க, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

அட்டவணையில் இல்லாத நோய்

பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் குறித்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பின் மூன்றாவது அட்டவணையில், தொழில்சார் நோய்களாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய 29 நோய்கள் உள்ளன. ஈய நச்சு, சிலிக்கோசிஸ், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு எனச் செல்லும் பட்டியல் அது. மன அழுத்தம் சார்ந்த பாதிப்பு எதுவும் அதில் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்போ 2010-லேயே தனது பட்டியலில் மனநலக் கோளாறுகளைச் சேர்த்துவிட்டது. ஜப்பானில் இறப்பதற்கு முந்தைய ஒரு மாதத்தில் 100 மணி நேரமோ, முந்தைய இரண்டு முதல் ஆறு மாதங்களில் சராசரியாக 80 மணி நேரமோ கூடுதல் பணி செய்திருந்தால், இதய நோய் அல்லது பக்கவாத மரணத்துக்கும் பணிக்கும் வலுவான தொடர்பு உண்டு என்று கருதி இழப்பீடு பரிசீலிக்கப்படுகிறது. இந்தியாவில் அத்தகைய அளவுகோல் எதுவும் இல்லாததால், இறந்தவரின் குடும்பம் கடிதம்தான் எழுத முடிகிறது.

தையல் ஆலைப் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு; நோயுற்றால் ஊதியத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்கும். அதைப் பெற மருத்துவர் சான்றிதழில் ஒரு நோயின் பெயரை எழுத வேண்டும். "படபடப்பு" என்று சொல்லி வரிசையில் நிற்பவருக்கு வலி நிவாரணியும் அமில மாத்திரையும் கிடைப்பது எளிது. விடுப்பு கிடைப்பது அரிது. மாதம் 21 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் பெரும்பாலான கணினித் துறையினர், 2017 முதல் நடைமுறையில் இருந்துவரும் உச்சவரம்பால் இத்திட்டத்துக்குள்ளேயே வருவதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 40 என்ற வயது, நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப் பிரிவில் இல்லை. எந்த வயதினருக்கு, எந்த வகைத் தொழிலாளருக்கு ஆண்டுப் பரிசோதனை என்பதை விதிகள் மூலம் வகுக்கும் பொறுப்பு 'உரிய அரசு'க்கு விடப்பட்டுள்ளது. பொம்மனஹள்ளியின் தனியார் ஆலைகளைப் பொறுத்தவரை அந்த அரசு கர்நாடக அரசே. நோய் அட்டவணையைத் திருத்தவும் புதிய மசோதா தேவையில்லை, அறிவிக்கை போதும். 2016-ல் வைப்பு நிதி விதியை மாற்றியதும் அறிவிக்கைதான். அதைத் திரும்பப் பெற மத்திய அரசுக்கு, போராட்டம் தொடங்கியதிலிருந்து இரண்டு நாள்கள் ஆயின.