ஆடுகளத்துக்கு அப்பால் - 9: கணக்கில் வராத பந்துகள்

ஐபிஎல் ஏலம் எப்படி நடக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். ஏலம் முடிந்த பிறகு ஒரு வேகப்பந்து வீச்சாளரின் சீசன் எங்கே கழிகிறது? எடப்பாடி வட்டாரத்துக்காரர் ஒருவரை வைத்தே அதைப் பார்த்துவிடலாம்.

சின்னப்பம்பட்டி நடராஜன். அப்பா தறித் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தில். லேசான பந்து, கிட்டத்தில் பவுண்டரி. கொஞ்சம் ஷார்ட்டாக விழுந்தாலும் சிக்ஸர்தான். பேட்ஸ்மேனின் காலடியில் இறக்கினால் மட்டுமே தப்பிக்க முடியும். அவருடைய யார்க்கர் அங்கே பிறந்தது.

அதன் பிறகு சென்னை, நான்காம் டிவிஷன் லீக். 2015-ல் ரஞ்சி அறிமுகம். முதல் ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறை மீது புகார். கையின் அசைவை அடியிலிருந்து மாற்றிக்கொண்டு திரும்பிவர ஓராண்டுக்கு மேல் பிடித்தது. 2017-ல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020-ல் ஹைதராபாத் அணிக்காக 16 ஆட்டங்களில் 16 விக்கெட். டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கர் அந்த சீசனில்தான்.

அதே ஆண்டு ஆஸ்திரேலியத் தொடருக்கு அவரை முதலில் தேர்ந்தெடுத்தது நெட் பவுலராக. வலைப்பயிற்சியில் வீசும் நெட் பவுலருக்கு ஃபீல்டர் கிடையாது, ஸ்கோர் கார்டில் பெயர் கிடையாது. பேட்ஸ்மேன் எதைக் கேட்கிறாரோ அதைப் போட வேண்டும்: பவுன்சர் என்றால் பவுன்சர், யார்க்கர் என்றால் யார்க்கர். நன்றாகப் போட்டால் பேட்ஸ்மேன் தேறுவார், அவ்வளவுதான்.

வருண் சக்கரவர்த்திக்குத் தோள் காயம். டி20 அணியில் நடராஜனுக்கு இடம். வேகப்பந்து வீச்சாளர் சைனிக்கு முதுகு வலி. ஒருநாள் அணியிலும் இடம். டிசம்பர் 2-ல் கான்பராவில் அறிமுகம். டி20 தொடர் முடிந்ததும் ஊர் திரும்பவில்லை. நவம்பரில் பிறந்த மகளின் முகத்தை இன்னும் நேரில் பார்க்காமல், டெஸ்ட் அணிக்கு மறுபடி வலையில் பந்து வீசினார். ஒவ்வொருவராகக் காயத்தில் விழ, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் இந்தியாவின் 300-வது டெஸ்ட் வீரரானார். முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் டெஸ்டில் தோற்காத ஆஸ்திரேலியா அந்த ஆட்டத்தில் தோற்றது.

ஊரில் சாரட் வண்டியில் ஊர்வலம் நடந்தது. ஆனால் அந்தப் பயணத்துக்கு உடம்பு கேட்ட விலை அடுத்த சில மாதங்களில் தெரிந்தது. ஏப்ரலில் முழங்கால் அறுவை சிகிச்சை. அந்த ஐபிஎல்லில் இரண்டே ஆட்டம். மீண்டு வந்து 2024-ல் 19 விக்கெட் எடுத்தார். டெல்லி அணி அவரை 10.75 கோடிக்கு வாங்கியது. 2025-ல் களமிறங்கியது மறுபடி இரண்டே ஆட்டம்.

டிவியில் நாம் பார்ப்பது நான்கு ஓவர், 24 பந்து. தொழில்முறை அணிகள் வலையில் வீசும் பந்துகளையும் சேர்த்து எண்ணுகின்றன. எத்தனை வீசினான், மறுநாள் எங்கே வலிக்கிறது, எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று கணக்கு வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். வேகப்பந்து வீச்சாளரின் முன்னங்கால் ஒவ்வொரு பந்துக்கும் உடல் எடையைப் போலப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்குகிறது. அவ்வளவு கவனிப்பிலும் நடராஜனின் முழங்கால் தாங்கவில்லை.

நம் ஊர்ப் பையன்களை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று மேட்ச். காய்ந்து இறுகிய மண், அடி தேய்ந்த ஷூ. வலித்தால் எண்ணெய் தேய்த்துவிட்டு அடுத்த ஸ்பெல். சின்னப்பம்பட்டியிலிருந்தே வந்த பெரியசாமி 2019 தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) இறுதிப் போட்டியில் 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். திறமைக்கு இந்த மண்ணில் பஞ்சமில்லை. 2023-ல் நடராஜன் தன் ஊரில் திறந்த மைதானத்தில் பிட்ச்களோடு ஜிம்மும் அமைத்தார். உடம்பு உடைந்தால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர் செய்த வேலை அது.

டோர்னமென்ட் நடத்தும் கமிட்டிக்காரர்களே, ஆளுயரக் கோப்பைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பந்து வீசும் பையன்களின் ஷூவுக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்கும் ஒதுக்குங்கள். பெற்றோர்களே, மகன் எத்தனை விக்கெட் எடுத்தான் என்று கேட்பதோடு இன்றைக்கு எத்தனை பந்து போட்டான் என்றும் கேளுங்கள்.

(தொடரும்)