‘நன்று’ என்று எழுதினேன்

எங்கள் வட்டத்திலே பாட்டுக் கட்டுபவர் பன்னிருவர். ஒருவரேனும் சங்கீதத்தை நம்பிச் சீவனம் நடத்துபவர் அல்லர். ஆசிரியர் ஐவர், தபாற்கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர், இளைப்பாறிய கிராம அலுவலர் ஒருவர், மருந்துக் கடைக்காரர் ஒருவர். எஞ்சிய நால்வரும் மாணவர். மாதந்தோறும் போயா விடுமுறையன்று பிற்பகலில், யாழ்ப்பாணத்தில் ஓர் அன்பரின் வீட்டு விறாந்தையிற் கூடுவோம். சுருதிப்பெட்டி ஒன்று, காற்று ஒழுகும் பழைய ஆர்மோனியம் ஒன்று, வேண்டிய மட்டும் பிளேன்ரீ. இவையே எங்கள் சபையின் சொத்து.

2014 ஆம் ஆண்டில் எங்களுக்குள்ளே ஒரு மெல்லிசைப் பாடற் போட்டி நடத்துவதென்று தீர்மானித்தோம். பொருள் ‘ஊர்’. சொல்லும் மெட்டும் ஒருவருடையதாகவே இருத்தல் வேண்டும். முதற் கூட்டத்தில் எல்லோரும் பாடுவது; கேட்ட ஏனைய பதினொருவரும் தத்தம் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுப்பது; திருத்துவதற்கு ஒரு மாத அவகாசம்; பின்னர் வெளியிலிருந்து வரும் நடுவர் முன்னிலையில் மீண்டும் பாடுவது. போட்டியிடுவோரே ஒருவர்க்கொருவர் குறை சொல்லித் திருத்த வேண்டுமென்ற அந்த விதியை முன்மொழிந்தவன் நானே. இதனை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

பாட்டுக் கட்டியவனுக்குத் தன் பாட்டு ஒருபோதும் முழுமையாகக் கேட்பதில்லை. இது அடக்கத்தினாற் சொல்லும் வார்த்தை அன்று. செவியின் இயல்பு அப்படி. அவன் பாடும்போது சொல் முன்னரே அவன் மனத்தில் இருக்கிறது. மெட்டு அதனைக் குதறினாலும், மூச்சு அதனை நடுவே வெட்டினாலும், அவனுக்கு அது வெட்டுப்படாத சொல்லாகவே கேட்கும். கேட்பவனுக்கோ சொல் முன்னால் இல்லை. ஓசை வந்து சேரும் ஒழுங்கிலேயே அவன் பொருளைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

யாப்பிலக்கணம் படித்தோர் ‘வகையுளி’ என்பதை அறிவர். சொல் எங்கே முடிகிறது என்று பாராமல், சீர் எங்கே முடிகிறது என்று பார்த்துப் பிரிப்பது அது. ஏட்டிலே அதனால் இடரில்லை. கண் முன்னும் பின்னும் சென்று சொல்லைக் கூட்டிக்கொள்ளும். தாளத்திலே அப்படியன்று. ஓர் ஆவர்த்தனம் முடிந்து அடுத்த சமம் வருமுன் பாடகர் மூச்சு வாங்கினால், அதுவரை ஒலித்ததே சொல்லாகிவிடுகிறது. குறிலை நீட்டுவதும் இத்தகையதே. ‘விடு’ என்பதை மெட்டுக்காக இழுத்தால் கேட்பவன் காதில் ‘வீடு’ வந்து நிற்கும். ‘கொடு’ என்பது ‘கோடு’ ஆகும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணத்தார் வகுத்தது வெறும் கணக்கல்ல. நம் மொழியில் அந்த ஒரு மாத்திரையிலேயே பொருள் தங்கியிருக்கிறது.

ஆகையாற்றான் அயற்செவி ஒன்று வேண்டும் என்றேன். வட்டத்தினர் ஏற்றுக்கொண்டனர்.

வந்த அபிப்பிராயங்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ஓரன்பர் எல்லாப் பாடல்களுக்கும் ‘உள்ளத்தைக் கவர்ந்தது’ என்றே எழுதியிருந்தார். பதினொரு உள்ளம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ அறியேன். இன்னொருவர் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதற்குத் தாயான சினிமாப் பாட்டு எதுவென்று கண்டுபிடிப்பார். நன்னூலார் சொன்ன பத்துக் குற்றங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புள்ளியிட்ட ஆசிரியர் ஒருவரும் இருந்தார். ‘சென்று தேய்ந்திறுதல்’ என்று அவர் பிடித்தது சரியே; எங்களுட் பலருடைய பாட்டு பல்லவியில் யானையாய்ப் புறப்பட்டு மூன்றாஞ் சரணத்தில் எலியாய் முடிந்தது. ஆனால் ‘கூறியது கூறல்’ என்ற குற்றத்தையும் அவர் குறித்தபோது நாங்கள் சிரித்துவிட்டோம். திரும்பத் திரும்ப வருவதுதானே பல்லவி!

எனக்குக் கிடைத்த தாள்களில் உண்மையாகப் பயன்பட்டது ஒன்றே. மருந்துக் கடைக்காரர் எழுதியது அது. இரண்டு விடயங்களைச் சொல்லியிருந்தார். என் இரண்டாஞ் சரணத்தின் தொடக்கம் என் குரலுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால், அவ்விடத்திலே சொற்களைக் காட்டிலும் என் கழுத்து நரம்பே கூடுதலாகத் தெரிகிறது என்பது ஒன்று. என் பாட்டில் வரும் ஊர் எந்த ஊராகவும் இருக்கலாம், அவ்வூரில் மட்டும் உள்ள ஒரு பொருளையேனும் சொல்லுங்கள் என்பது மற்றது. ‘நன்று’ என்றோ ‘தீது’ என்றோ ஒரு சொல்லும் இல்லை. நான் சுருதியை ஒரு கட்டை இறக்கினேன். தென்னஞ்சோலை, மாமரநிழல் என்று பொதுவாய்க் கிடந்த ஓரடியை நீக்கி, எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த சுமைதாங்கிக் கல்லை வைத்தேன். பாட்டு நிமிர்ந்தது.

அவருடைய பாட்டுக்கு நான் என்ன எழுதினேன் என்பதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

அவர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990 இல் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர். அப்பகுதிக் காணிகள் 2009 இன் பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2014 இல் அவரது காணியின் முறை இன்னும் வரவில்லை. பொருள் ‘ஊர்’ என்று நாங்கள் தீர்மானித்தபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும். பாட்டு மிக எளிமையானது. கிணறு, வேலி, பூட்டிவிட்டு வந்த கதவு, இன்னும் சட்டைப்பையில் இருக்கும் திறப்பு. பல்லவியின் முடிவு: ‘ஊரே, உன்னை மறவேன்’. அவர் ஆதி தாளத்திலே பாட, நான் தொடையிலே தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டாம் அட்சரம் வந்தது. ‘ஊரே, உன்னை மற’ என்பதோடு ஆவர்த்தனம் முடிந்தது. அவர் மூச்சு வாங்கினார். அடுத்த சமத்திலே ‘வேன்’ என்று எடுத்தார்.

வீச்சுக்குத் திருப்பிய என் கை திருப்பியபடியே நின்றுவிட்டது. மறக்கமாட்டேன் என்று சொல்ல வந்த பாட்டு, ஒரு கணம், மறந்துவிடு என்கிறது! ஒவ்வொரு முறை பல்லவி திரும்பும்போதும் அப்படியே சொல்கிறது. ஏனையோர் உருக்கத்திலே தலை குனிந்திருந்தனர். ஒருவர்க்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பாட்டுத்தான் பன்னிரண்டிலும் சிறந்தது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தபடியால், தாளை எடுத்து, ‘பாடல் மிக நன்று, பல்லவி உருக்கமானது’ என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். பொய் எழுதவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். உருக்கமானதுதானே!

அம்மாதம் முழுவதும் என் நினைவில் வந்து நின்றது, முன்னொருகால் ஒலிநாடாவிற் கேட்ட ஜெர்மானிய இசைநாடகம் ஒன்று. வாக்னர் இயற்றி, 1868 ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் முதன்முதலாக அரங்கேறிய ‘நியூரம்பேர்க்கின் மைஸ்டர்சிங்கர்’ அது. மைஸ்டர்சிங்கர் எனப்பட்டோர் கற்பனை மாந்தர் அல்லர். எங்களைப் போலவே வேறு தொழில் பார்த்துக்கொண்டு, ஓய்ந்த வேளையிற் பாட்டுக் கட்டிய கைவினைஞர் அவர்கள். அவர்களுட் புகழ்பெற்ற ஹான்ஸ் சாக்ஸ் (1494–1576) செருப்புத் தைப்பவர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளைக் கட்டியவர். அவர்கள் கூடிப் பாடும் சபையிலே ‘மெர்க்கர்’ எனப்படும் குறிகாரர் திரைக்குப் பின்னே அமர்ந்திருப்பர். பாடியதிலுள்ள பிழைகளை விதிப்பட்டியலின்படி குறிப்பது அவர்கள் கடமை. 1697 இல் வாகென்சைல் என்ற அறிஞர் எழுதிவைத்த விவரப்படி குறிகாரர் நால்வர்: ஒருவர் பாட்டின் பொருளை வேதாகமத்தோடு ஒப்பிடுவார்; ஒருவர் யாப்பு விதியைக் கவனிப்பார்; ஒருவர் இயைபு பார்ப்பார்; ஒருவர் மெட்டுப் பார்ப்பார். தொழிலைப் பங்கிட்டுக்கொண்ட நேர்த்தி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே செவி எல்லாவற்றையும் கேட்கும் என்று அவர்கள் நம்பவில்லை.

நாடகத்திலே குறிகாரன் ஒருவனே, பெயர் பெக்மெஸ்ஸர். பாட்டுப் போட்டியில் வெல்பவனுக்கு ஏவா என்னும் பெண்ணை மணம் முடித்துக் கொடுப்பதாக அவள் தந்தை அறிவிக்கிறார். பெக்மெஸ்ஸரும் அவளை விரும்புகிறான். புதியவனாகிய வால்தர் பாடும்போது திரைக்குள்ளே கரும்பலகையிற் சுண்ணக்கட்டி கிறீச்சிடும் ஓசை கேட்கிறது. ஏழு பிழைவரை மன்னிப்பு உண்டு. பாட்டு முடியுமுன்னரே பலகை நிறைந்துவிடுகிறது. குறிகாரனும் போட்டியாளனும் ஒருவனேயானால் நடப்பது இது. வாக்னர் தம்மைக் கண்டித்த விமர்சகர் ஹான்ஸ்லிக்மீது கொண்ட கோபத்தை இப்பாத்திரத்தில் இறக்கிவைத்தார் என்பர். ஆகவே சற்று மிகையுண்டு.

ஆனால் என்னை உறுத்தியவன் பெக்மெஸ்ஸர் அல்லன். அவன் இல்லாத பிழைகளைப் பெருக்கினான். நான் இருந்த பிழையை விழுங்கினேன். உறுத்தியவர் சாக்ஸ். மனைவியை இழந்த அவருக்கும் ஏவாமீது அன்பு உண்டு. அவர் கேட்டிருந்தால் அவள் மறுத்திருக்கவும் மாட்டாள். அப்படியிருந்தும், மறுநாட் காலை தம் பட்டறையிலே வால்தரை இருத்தி, அவன் கண்ட கனவைச் சொல்லச் சொல்லித் தாமே எழுதிக்கொள்கிறார். ஒரே அமைப்பில் இரண்டு பகுதி பாடு, அவற்றின் பிள்ளையைப்போல் மூன்றாவது பகுதி வேறாகவும் ஒத்ததாகவும் வரட்டும் என்று வழிகாட்டுகிறார். ஒரு சொல்லைத்தானும் தம்முடையதாகப் புகுத்துவதில்லை. பரிசு வேறொருவனுக்குப் போகப்போகிறது என்று தெரிந்துகொண்டே எழுதுகிறார்.

போட்டி நாளும் வந்தது. நடுவராகக் கொழும்பிலிருந்து இசையாசிரியை ஒருவர் வந்திருந்தார். நண்பர் பாடினார். முதற் பல்லவி முடிவதற்குள், வாசலில் நின்ற பையன் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். நடுவர் இறுதியிலே மிகுந்த பரிவோடு, “உங்கள் பல்லவி நீங்கள் நினைத்ததற்கு எதிராகப் பேசுகிறது” என்று சொல்லி, தாளம் போட்டுப் பாடிக் காட்டினார். நண்பரின் முகம் வெளிறியது. எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு பித்தளைக் குத்துவிளக்குக் கிடைத்தது. அவருக்கு ஒன்றும் இல்லை.

படலையடியில் அவர் என்னிடம், “மாஸ்ரர், உங்களுக்கு அது கேக்கேல்லையோ?” என்றார்.

“இல்லை” என்றேன்.

மறு ஆண்டு ஒரு மாலை, அவர் கடைக்குச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் மருந்துச் சிட்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டே, “தெரியும் மாஸ்ரர். நான் பாடேக்கை உங்கடை கை வீச்சிலை திரும்பினது, பிறகு விழேல்லை. அதைக் கண்டனான்” என்றார்.

“பின்னை ஏன் அண்ணை அண்டைக்கே கேக்கேல்லை?”

“நீங்கள் எழுதித் தருவியள் எண்டு இருந்தன். கடுதாசியைப் பாத்தால் நன்று எண்டு கிடந்துது. ஒரு மாசமா நானும் தேடினன். எனக்கு மறவேன் எண்டுதானே கேக்குது.”

அவர் அந்தப் பல்லவியை இரண்டு அட்சரம் முன்தள்ளி எடுத்துத் திருத்தியிருந்தார். ‘நினைப்பேன்’ என்று மாற்றியிருக்கலாமே, அங்கே வெட்டுப்பட்டாலும் ‘நினை’ என்றுதானே நிற்கும் என்று நான் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார். “நினைக்கிறது வேறை, மறக்காமல் இருக்கிறது வேறை. நினைக்கிறதெண்டால் இடையிலை மறந்திருக்கவேணும்” என்றார். பிழை இருக்கும் இடத்தைக் காட்டுவதோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கடையைப் பூட்டியபின் பின்னறையில் ஆர்மோனியத்தைத் திறந்தார். புதிதாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார், மகளின் கலியாணத்துக்கென்று. நான் தாளத்தைப் பிடித்தேன். முதலிரண்டு அடியும் சுகமாகச் சென்றன. மூன்றாம் அடியில் என் கை நின்றது.

“அண்ணை, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ” என்றேன்.

அவர் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு, “சொல்லுங்கோ” என்றார்.