மின்சாரச் சைக்கிளில் காலிக் கோட்டை: சுற்றில் விடுபடும் தெரு

பழைய நகரமொன்றை மின்சாரச் சைக்கிளில், வழிகாட்டியின் பின்னால் போய்ச் சுற்றிப் பார்ப்பது ஐரோப்பாவில் இன்று நல்ல வருமானம் தரும் தொழில். பத்துப் பேர் அளவில் ஒரு குழு, முன்னால் ஒரு வழிகாட்டி, ஆளுக்கொரு தலைக்கவசம், இரண்டரை மூன்று மணித்தியாலம், இடையில் ஏழெட்டு நிறுத்தம். ரோமில் கி.மு. 312 இல் போடத் தொடங்கிய அப்பியன் வீதி, லிஸ்பனின் குன்றுகள், கிரனாடாவில் அல்ஹம்ராவுக்கு எதிர்மேட்டில் ஏறும் அல்பைசீன் ஒழுங்கைகள் போன்றவை இந்தச் சுற்றுக்குப் பேர்போனவை. மோட்டார் இல்லாமல் மிதித்தால் பாதி மேட்டிலேயே மூச்சு வாங்கும் இடங்கள் அவை.

வண்டியின் சூத்திரம் எளிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதன் மோட்டார் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. ஓட்டுபவர் மிதித்தால்தான் மோட்டார் இயங்கும், மிதிப்பதை நிறுத்தினால் நின்றுவிடும். வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தொட்டதும் உதவி விலகிக்கொள்ளும். இந்த வரம்புக்குள் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அது சைக்கிள்தான், மோட்டார் வண்டி அல்ல. இலங்கையின் கிழக்குக் கரையில், சவளக்கடையிலிருந்து கிட்டங்கி தாம்போதியைக் கடந்து கல்முனைக்குச் சைக்கிளில் வந்து போய்ப் பழகியவருக்கு மேடு பள்ளம் தெரியாது, கச்சான் காற்று தெரியும். அந்தக் காற்று முகத்தில் அடிக்காமல் முதுகில் வந்து தள்ளினால் எப்படியிருக்குமோ, மோட்டாரின் உதவி அப்படியிருக்கும். அறுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே குழுவில் சேர்ந்து போக முடிவது அதனால்தான். சுமை ஒன்றும் உண்டு: பற்றரியோடு சேர்த்து வண்டி இருபது கிலோவுக்கு மேல் நிறைகொள்ளும். கல் பதித்த ஒடுங்கிய தெருவில் அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் சாதாரண சைக்கிளைப் போல இலகுவல்ல.

இலங்கையில் இந்த வகைச் சுற்றுக்கு அச்சொட்டாகப் பொருந்தும் ஊர் காலிக் கோட்டை. 1988 இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியதற்கான காரணமே, தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் ஐரோப்பியர் கட்டிய அரண் நகரத்துக்கு அது மிகச் சிறந்த எடுத்துக்காட்டு என்பதுதான். போர்த்துக்கேயர் 1588 இல் கட்டிய சிறு கோட்டையை ஒல்லாந்தர் 1640 இல் பிடித்து, பிறகு கடற்பக்கமும் கரைப்பக்கமும் மதில் எழுப்பி, 14 கொத்தளங்களோடு ஒரு முழு நகரமாக்கினார்கள். 1796 இல் அது பிரித்தானியர் கைக்குப் போனது. மதிலுக்குள் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் ஒன்றையொன்று குறுக்கறுக்கின்றன. 2004 டிசம்பரில் கடல் பொங்கி வந்தபோது வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் மூழ்கின, மதிலுக்குள் இருந்த ஊர் தப்பியது.

வழமையான சுற்று எங்கெங்கே நிற்கும் என்பது அநேகமாக எழுதப்படாத சட்டம். சூரியக் கொத்தளத்துக்கும் சந்திரக் கொத்தளத்துக்கும் நடுவே 1873 இல் பிரித்தானியர் திறந்த பெரிய வாசல் முதலாவது. பிறகு பழைய வாசல்: வெளிமுகத்தில் பிரித்தானிய அரச இலச்சினை, உள்முகத்தில் 1669 என்ற ஆண்டோடு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இரண்டு சிங்கமும் உச்சியில் ஒரு சேவலும். 1755 இல் எழுந்த ஒல்லாந்த தேவாலயத்தின் தரையில் பதித்த கல்லறைக் கற்கள் அடுத்தது. கடைசியில் 1939 இல் கட்டிய வெண்ணிற வெளிச்சவீடு, அதற்குப் பக்கத்தில் படம் எடுக்க ஐந்து நிமிடம். நிலத்தடிக் கழிவுக் கால்வாய்களைக் கடலின் ஏற்றவற்றம் கழுவிக்கொண்டு போகும்படி ஒல்லாந்தர் அமைத்த விதத்தைத் திறமையான வழிகாட்டி மறக்காமல் சொல்வார். சொல்லத்தான் வேண்டும், அவ்வளவு அழகான வேலை அது.

இதில் விடுபடுவது ஒரு தெரு. ஆங்கிலத்தில் இன்று பெட்லர் தெரு என்று பலகை தொங்கும் அந்தத் தெருவுக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரின் பொருள் ‘சோனக வியாபாரிகளின் தெரு’. பிரித்தானியர் காலத்தில் வியாபாரி மட்டும் பெயரில் நின்றார், சோனகர் விழுந்துவிட்டார். சுற்று அந்தத் தெருவழியேதான் போகிறது, ஆனால் பெயருக்காக நிற்பதில்லை.

கோட்டைக்கு முன்பே அந்தத் துறையில் முஸ்லிம்கள் இருந்தார்கள். 1344 இல் தேவேந்திரமுனையிலிருந்து வந்த இப்னு பதூதா, காலியைச் சின்ன ஊர் என்று குறித்துவிட்டு, தன்னை அங்கே விருந்தோம்பியவர் இப்ராஹீம் என்ற கப்பல் தலைவர் என்றும் எழுதிவைத்தார். போர்த்துக்கேயர் முதல் கல்லை வைக்க இன்னும் 244 வருடம் இருந்தது. இப்னு பதூதா வந்து இரண்டு தலைமுறை தாண்டி, சீனத்துக் கடற்தளபதி செங் ஹ காலிக்குக் கொண்டுவந்த கல்வெட்டு 1409 ஆம் ஆண்டுத் திகதியுடையது. அதில் மூன்று மொழி: சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேவேந்திரமுனைத் தெய்வமான தெனவரை நாயனாருக்கு, அரபு எழுத்தில் பாரசீக மொழியில் அல்லாஹ்வின் பெயரால் காணிக்கை. மூவருக்கும் ஒரே அளவில் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய். செங் ஹ தானே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1911 இல் அந்தக் கல் காலி நகர வீதியொன்றின் மதகுக்கு மூடியாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. தமிழும் அரபு எழுத்தும் சேர்ந்திருக்கும் கல் கண்டெடுக்கப்பட்ட ஊர் என்பதைக் கோட்டை வாசலிலேயே சொல்லித் தொடங்கினால், அதன் பிறகு வரும் சிங்கமும் சேவலும் தங்களுக்குரிய இடத்தில் வந்து அமரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் காலியில்தான் நின்றன. மாணிக்கக்கல், ஆமையோட்டுச் சீப்பு, கருங்காலிப் பெட்டி, ரேந்தை ஆகியவற்றோடு படகில் போய்க் கப்பலேறிய சோனக வியாபாரிகளைப் பற்றி அந்தக் காலப் பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். கொழும்பில் 1875 இல் தொடங்கிய அலைதடுப்பு மதில் 1885 இல் முடிந்ததும் பெருங்கப்பல்கள் அங்கே திரும்பின. காலித் துறை படுத்தது, வியாபாரிகளின் வீடுகள் நின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போன பிறகும் கோட்டைக்குள் அடுப்பெரிந்ததற்கு, அங்கேயே தங்கிவிட்ட முஸ்லிம், சிங்களக் குடும்பங்களே காரணம்.

மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைக் கிட்ட நின்று பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் ஒரே கட்டடத்தில் தெரியும். 1904 இல் எழுந்தது. வெளிச்சவீட்டுக்கு நேரெதிரே, கடலைப் பார்த்து நிற்கிறது. முகப்பில் இரண்டு பக்கமும் கோபுரம், வளைந்த உச்சி, வெள்ளைச் சுண்ணம். முதன்முதல் பார்ப்பவர் அதைக் கிறிஸ்தவ தேவாலயம் என்றே எண்ணுவார், உச்சியிலுள்ள பிறையைக் கண்ட பிறகுதான் திருத்திக்கொள்வார். சுற்றுக் குழு அங்கே நின்றால் பேசப்படுவது பெரும்பாலும் இந்த வேடிக்கைதான்: தேவாலயம் போலொரு பள்ளி. பத்து வண்டியும் வாசலையொட்டிச் சாய்க்கப்பட்டிருக்க, அஸர் தொழுகைக்கு வரும் முதியவர் இடைவெளி பார்த்து உள்ளே போகவேண்டியிருக்கும். உள்ளே தொழுகை வரிசையில் நிற்பவர்கள் யார், அவர்களில் எத்தனை பேருடைய வீடு இன்னமும் மதிலுக்குள் இருக்கிறது என்ற கேள்வி எழுவதில்லை.

அந்தக் கேள்விதான் கோட்டையின் இன்றைய கதை. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக விடுதியாகவும் உணவகமாகவும் நகைக் காட்சியறையாகவும் மாறிவருகின்றன. அரிசி பருப்பு விற்ற சில்லறைக் கடை இருந்த இடத்தில் கோப்பிக் கடை. வெளிநாட்டவர் வாங்குவது கூடியபோது 2004 இல் அவர்களுக்குக் காணி விற்பனையில் 100 வீத வரி வந்தது, 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் விற்பனையையே தடுத்தது. ஆனால் அதே சட்டம் 99 வருடம்வரை குத்தகைக்கு இடம் விட்டது. 99 வருடம் என்பது மூன்று நான்கு தலைமுறை, அத்தனை காலம் வெளியே இருந்த குடும்பம் திரும்பி வருவதில்லை.

விற்பவரைக் குறைசொல்ல முடியாது. முன்விறாந்தை, நடுமுற்றம், பின்கட்டு என்று நீளும் ஓட்டு வீட்டைப் பராமரிக்க ஆகும் செலவு பெரிது, மரபுரிமை விதிகளால் விரும்பியபடி இடித்துக் கட்டவும் முடியாது. ஒரு வாப்பா மௌத்தானால் வீடு பாகப்பிரிவினையில் பல பங்காகிறது. ஆளுக்கு ஓர் அறையைப் பிரித்துக்கொள்ள முடியாதபோது எல்லாருக்கும் வசதியான வழி விற்றுக் காசாகப் பகிர்வது. கிழக்குக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது, மருமகன் அந்த வீட்டுக்கு வருகிறார், அடுப்பு அணைவதில்லை. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு தெருவில் வீடு வீடாகக் குடியிருப்பு தொடர்வதில் இந்த வழக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. காலிக் கோட்டையின் தெருவுக்கு அந்த அளவு பிடிமானம் இருந்திருந்தால், சந்தை விலை இத்தனை விரைவில் அதைக் காலிசெய்துகொண்டிருக்காது.

சுற்றுலாதான் இடியவிருந்த வீடுகளைக் காப்பாற்றியது, இளைஞர்களுக்குத் தொழில் தந்தது என்பார்கள். அது உண்மை. கூரை காப்பாற்றப்பட்டது. கூரைக்குக் கீழே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு அந்தப் பதில் போதாது.

இந்த வழியில் கடைசிவரை போன நகரம் வெனிஸ். 1951 இல் அதன் பழைய நகரில் ஏறக்குறைய 175,000 பேர் குடியிருந்தார்கள், 2022 இல் அந்தத் தொகை 50,000 க்குக் கீழே இறங்கியது. அங்கே பழைய நகருக்குள் சைக்கிளுக்கே இடமில்லை. 2024 இல் வழிகாட்டிக் குழுவுக்கு 25 பேர் என்ற உச்ச வரம்பும் ஒலிபெருக்கிக்குத் தடையும் வந்தன. பார்சிலோனா தன் சுற்றுலா வாடகை வீடுகளின் அனுமதியை 2028 நவம்பரோடு முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்திருக்கிறது. புளோரன்ஸ் 2023 இல் பழைய நகருக்குள் புதிய குறுகியகால வாடகைகளை நிறுத்தியது. மூன்றும் குடிமக்கள் போகத் தொடங்கிய பிறகு போட்ட பூட்டு. காலிக் கோட்டையில் பூட்டுப் போடும் முன்னர் காக்க இன்னும் ஆள் இருக்கிறது.

சுற்று எப்படி அமையவேண்டும் என்பது இங்கிருந்துதான் தீர்மானமாகவேண்டும். கோட்டைக்குள் மோட்டார் வேண்டியதே இல்லை. அதன் பரப்பு 52 ஹெக்டயர்தான், தெருக்கள் சமதரை, ஆறுதலாக நடந்தாலே ஒரு காலைக்குள் முடிந்துவிடும். மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால் கதவு, யன்னல், விறாந்தைத் தூண் எல்லாம் ஒரே கோடாக ஓடிவிடும், விறாந்தையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படவே மாட்டார். மின்சாரச் சைக்கிளுக்கு உரிய இடம் மதிலுக்கு வெளியே: உனவட்டுன, அங்கிருந்து ருமஸ்ஸல மேடு, கரையோரமாகக் கொக்கலை வாவி, உள்ளே வயல் வரம்புகள். தென்கரையில் களைப்பைத் தருவது வெயிலும் ஈரக்காற்றும், அதற்கு மோட்டார் நல்ல மருந்து. 2022 இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்ற நாட்டுக்கு, டீசல் வேனுக்குப் பதிலாக இந்த வண்டியில் பயணிகளைக் கொண்டுபோவது வேறு வகையிலும் இலாபம்.

அப்படியென்றால் காலையில் வெளியே சைக்கிள், மாலையில் உள்ளே நடை. வண்டிகள் வாசலுக்கு வெளியே நிற்கட்டும். குழு பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் முன்னால் நிறுத்தம் வேண்டாம். கோட்டைக்குள் பிறந்து வளர்ந்தவர் ஒருவர் கூடவே வந்து பேசட்டும், அதற்குரிய கூலி அவருக்குக் கிடைக்கட்டும். லெயின் பான் தெருவின் பெயர் கயிறு திரித்த இடத்தைக் குறிக்கிறது என்று வழிகாட்டி சொன்னபின், அந்தத் தெருவில் எந்த வீட்டில் இன்னும் ஆள் குடியிருக்கிறது என்று அவரால் காட்ட முடியும்.

அஸருக்குப் பிறகுதான் கோட்டை ஊர்க்காரர் கைக்குத் திரும்புகிறது. மதில்மேல் பட்டம் ஏறும், பிள்ளைகள் கொத்தளப் புல்லில் பந்தடிப்பார்கள், குடும்பங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். சூரியன் கடலில் இறங்கியதும் மீரான் பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கும். கொத்தளத்திலிருந்து எழுந்து தெருவைக் கடந்து அந்த வாசலுக்குள் போகிறவர்களின் எண்ணிக்கையை, அங்கே உட்கார்ந்திருக்கும் எவராலும் எண்ணிவிட முடியும்.